லைனால் போனவர்

மேசை லாச்சியை உருவிக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள் துஷாந்தி. அப்பாவின் அடையாள அட்டையைக் காணவில்லை. வெளியே பந்தலில் கிராம அலுவலரான விதானையார் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலமாக இருக்கிறார். அட்டை இலக்கம் இல்லாமல் மரண அறிக்கை எழுத முடியாதாம். நேற்றுக் காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி கதிரையில் சாய்ந்துபோன ஆழ்வாப்பிள்ளையைச் சரவணை ஊரில் தெரியாதவர் இல்லை. இருந்தும் அவர் செத்துப்போனார் என்று அரசாங்கம் நம்புவதற்கு ஒரு பிளாஸ்ரிக் மட்டை தேவைப்பட்டது.

லாச்சிக்குள் இருந்து சீனி பார்க்கும் மெஷின் விழுந்தது, நூறடி அளவு நாடா விழுந்தது, கடைசியாக நீலக் கோப்பு விழுந்தது. அந்தக் கோப்பைத் திறக்க அவளுக்கு மனமே இல்லை. வேறு எங்கே தேடுவது? திறந்தாள். அட்டை முதல் பக்கத்திலேயே கிளிப் போட்டுச் செருகிக் கிடந்தது. அதன் கீழே, அவளுடைய சொந்தக் கையெழுத்தில், சிவப்புக் கோடு கீறிய தலைப்பு: ‘பழைய பாதையைத் திருத்தி மக்கள் பாவனைக்கு விடக் கோரல்.’

அதைக் கண்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் முதலில் தன் மேலேயே.

எல்லாம் சீனி வருத்தத்தில் தொடங்கியது. பதுளையில் முப்பது வருடம் புடவைக்கடையில் நின்ற கால் ஊருக்கு வந்து கதிரையில் இருக்கத் தொடங்கியதும், சீனி ஏறிவிட்டது. தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்க வேண்டும் என்றார் டொக்டர். றோட்டில் நடந்தால் மணல் ஏற்றும் டிப்பர்கள் ஆளை வேலிக்குள் தள்ளும். அதனால் ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் இருந்த லைனில் ஏறி நடந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் முருகைக்கல் ஏற்றிய தள்ளுவண்டிகள் கடற்கரைக்கு ஓடுவதற்காகப் போட்ட சின்னத் தண்டவாளப் பாதை அது. வண்டி எப்போதோ நின்றுபோயிற்று. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் யுத்த காலத்தில் பங்கர் குழிகளுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது இடுப்பளவு உயரத்தில் ஒன்றரை மைல் நீளத்துக்குக் கிடந்த கல்மேடு. ஊரில் அதற்கு லைன் என்றுதான் பெயர். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் தங்கள் தங்கள் காணியை அடைத்தபோது, வளவுக்குப் பின்னால் கிடந்த லைனையும் சேர்த்து அடைத்துவிட்டது. குறுக்கே ஒன்பது வேலி.

முதல் வேலி தம்பிஐயாவுடையது. ஆழ்வாப்பிள்ளையின் பெரியப்பா மகன், அடுத்த வளவுக்காரர். வீட்டிலிருந்து அந்த வேலி வரைக்கும் இருநூற்றியெண்பது அடி. ஆழ்வாப்பிள்ளை நடப்பார், வேலியில் முட்டுவார், திரும்புவார். மறுபடி நடப்பார், மறுபடி முட்டுவார். ஒரு நாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார்.

“பிள்ளை, உந்த வேலியளை விலத்தினா கடற்கரை மட்டும் ஒரே நேர். பெட்டையள் சைக்கிளில பள்ளிக்கூடம் போகலாம். ரெண்டு பக்கமும் வேம்பு வைச்சா வெயிலும் தெரியாது. ஒரு கடிதம் எழுதுவமே?”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஊர்காவற்றுறையில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதச் சொல்லித்தர வேண்டுமா? அவர் “லைன்” என்றார். லைன் என்றால் கந்தோருக்குப் பொருந்தாதே என்று அவள் ‘பழைய பாதை’ என்று திருத்தினாள். நல்ல தமிழ். யார் குறை சொல்ல முடியும்?

பத்து நாளில் நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. அப்பா வீடு வீடாகப் போய்த் தலைப்பை வாசித்துக் காட்டியதும், சனம் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கையெழுத்து வைத்தது. “உது எப்பவோ செய்திருக்க வேணும் அண்ணை” என்றார்கள். “நீங்களாவது கேட்டீங்களே” என்றார்கள். அவர் இரவு சாப்பாட்டில் ஒரு இடியப்பம் கூடுதலாக வைத்துக்கொண்டார். எங்கட சனத்தைக் குறைவாக நினைச்சிட்டன் என்று அம்மாவுக்குச் சொன்னார்.

பிறகு சனசமூக நிலையத்தில் கூட்டம் நடந்தது. பிரதேச சபையிலிருந்து வந்த உத்தியோகத்தர் எழும்பி, “இந்தப் பாதையால ஆர் ஆற்ற காணி பாதிக்கும்?” என்று கேட்டார். சனம் முழித்தது. கடைசியில் ஊர்க்காரர் கதிர்காமுதான் கேட்டார்.

“பாதைக்கும் காணிக்கும் என்ன ஐயா சம்பந்தம்? பாதை கடலில எல்லோ ஓடுது?”

அப்போதுதான் துஷாந்திக்கு உச்சந்தலையில் அடித்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடல் கடக்கும் அந்த இரும்பு மிதவைக்கு, இந்தத் தீவில் பெயர் பாதை. ‘பாதை வந்திட்டுதோ’, ‘பாதை பழுதாம்’, ‘முதல் பாதையில போனவர்.’ அவளே தினமும் சொல்கிற சொல். அந்தப் பாதை உடைந்து அப்போது மூன்று மாதம். பழைய பாதையைத் திருத்தித் தரச்சொல்லி ஆழ்வாப்பிள்ளை அண்ணை கேட்கிறார் என்று நூற்று நாற்பத்து மூன்று பேரும் மனமார நம்பிக் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

கையெழுத்து வாங்க அப்பா வீடு வீடாகப் போனார். லைனைத் திறக்கிற கடிதம் என்று தெரிந்ததும், அதை வெட்ட அவர்கள் தாங்களாகவே வரிசையில் வந்தார்கள். அப்பா மேசையில் இருந்து ஒவ்வொருவருக்கும் அடிமட்டமும் பேனையும் கொடுத்தார். நேராக வெட்டுங்கோ என்றார். வீட்டுப் படலையைத் திறக்கும்போது, “லைன் எண்டே எழுதியிருக்கலாம், என்ன பிள்ளை?” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் மறுபடி முதலிலிருந்து நடந்தார். இந்த முறை கடிதம் இல்லை, வாய்தான். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வேலிக்காரர் வீடுகளுக்குப் போவார். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அவள் போனில் எடுத்துக் கொடுப்பாள். “காணி உங்கட பேரிலதான் இருக்கும். ஆறடி மட்டும் நடக்க விடுங்கோ.” எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தம்பிஐயா அண்ணை விட்டால் நாங்களும் விடுவோம்.

தம்பிஐயா விடவில்லை. அவரைக் கெட்ட மனிதர் என்றும் சொல்ல முடியாது. இடம்பெயர்ந்து பதினாறு வருடம் கழித்து வந்தவருக்குத் தன் காணி எது என்று தெரியவில்லை, முழுக்கப் பற்றை. எல்லைக்கல்லை விரலால் தோண்டித் தோண்டிக் கண்டுபிடித்து வேலி போட்டவர். “இண்டைக்கு சைக்கிள் எண்டுவாங்கள். நாளைக்கு டிப்பர் போகும். நாளண்டைக்கு ஆமிக் காம்ப் வரும். எனக்குக் காணி உறுதிக்கடிதம் எரிஞ்சு போச்சு. இந்த வேலிதான்ரா தம்பி என்ர உறுதி” என்பார். அப்பா அவரோடு சண்டை பிடிக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு தரம் போய்க் கேட்பார், தேத்தண்ணி குடிப்பார், திரும்பி வருவார். முந்தாநாளும் போனவர்.

அட்டையை விதானையாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பந்தலில் பேச்சு சூடாகிக்கொண்டிருந்தது.

“தரவையில இடுப்புக்கு மேல தண்ணி. பாடையை என்னெண்டு கொண்டு போறது?” என்றார் கதிர்காமு. நான்கு நாள் மழை, விடியத்தான் விட்டிருந்தது. கடற்கரைச் சுடலைக்குப் போகும் ஒரே றோட்டு, தாழ்ந்த புல்வெளியான தரவைக்கு நடுவால் போவது. இப்போது அது குளமாகக் கிடந்தது.

“ட்ரக்டர்?”

“மதகு உடைஞ்சு போச்சு. காலமை போன ட்ரக்டர் அதிலதான் சரிஞ்சு கிடக்கு.”

“நாளைக்கு வைச்சுப் பாப்பமே?”

“நாளைக்கும் மழையாம். உடம்பு தாங்காது.”

பறைமேளக்காரர் மேளத்தைக் காய்ச்ச நெருப்புக்குக் காவோலை கேட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் கதிர்காமு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, “லைன் காய்ஞ்சுதான் கிடக்குது” என்றார்.

எல்லாத் தலையும் தம்பிஐயா இருந்த பக்கம் திரும்பியது. துஷாந்தி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். ‘மாட்டன் எண்டு சொல்லட்டும், இண்டைக்கு ஊருக்கு முன்னால நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கிறன்’ என்று மனதுக்குள் சொற்களை அடுக்கினாள்.

தம்பிஐயா எழும்பினார். சால்வையை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“இதில என்ன யோசனை? வேலியை வெட்டுங்கோ. செத்தவனுக்கு ஆரும் வழி மறிக்கிறதோ?”

அவ்வளவுதான். அவருடைய மகன் சசிகரன், ஆழ்வாப்பிள்ளைக்கு ஆண்பிள்ளை இல்லாததால் பெறாமகன் முறையில் கொள்ளி வைக்கத் தலைமுழுகி ஈர வேட்டியோடு நின்றவன், உடனே போனை எடுத்தான். அடுத்த வேலிக்காரர் ஓம் என்றார். அதற்கடுத்தவரும் ஓம். கனடாவில் விடியப்புறம் நித்திரையால் எழும்பின ஒருவர், “கேக்கவும் வேணுமே, வெட்டுங்கோ” என்று அழுதார். இருபது நிமிடத்தில் ஒன்பது வேலியும் முடிந்தது. குறடும் கோடாலியும் எடுத்துக்கொண்டு பொடியள் ஓடினார்கள்.

துஷாந்தி குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அடுப்பு மூட்டவில்லை, செத்தவீட்டில் மூட்டுவதில்லை. கையில் ஏதாவது இருந்தால் எறிந்திருப்பாள். ஒன்றரை வருடம், எத்தனை தேத்தண்ணி, எத்தனை கெஞ்சல்! அந்த மனிசன் செய்த ஒரே பிழை, உயிரோடு இருந்து கேட்டதா?

பின்வாசலால் இறங்கி லைனில் ஏறிப் போனாள். தம்பிஐயா தன் வேலியைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு நட்ட கிளுவங்கதியாலை வெட்டி விழுத்திவிட்டு, முள்ளுக்கம்பியை ஒவ்வொன்றாகக் குறட்டால் நறுக்கினார். எழுபத்துநான்கு வயதில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது. கம்பி சுருண்டு முழங்கையில் கிழித்ததையும் கவனிக்கவில்லை.

“பெரியப்பா.”

“என்ன பிள்ளை, நீர் ஏன் இஞ்ச வந்தனீர்? கொம்மாவோட இரும்.”

“அப்பா உயிரோட இருக்கேக்க இதைத்தானே கேட்டவர்?”

அவர் குறட்டை நிறுத்தினார். கண் சிவந்திருந்தது, காலையிலிருந்து அழுத கண். அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“ஓம். கேட்டவன்தான். அது வேற, இது வேற.”

“என்ன வேற? அதே வேலி. அதே ஆள்.”

“செத்தவன் ஒருக்காத்தான் போவான் பிள்ளை. இருக்கிறவன் நாளைக்கும் வருவான்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் கடைசிக் கம்பியையும் வெட்டினார். வேலி விலகியது. துஷாந்தி முதல் முறையாக அந்தப் பக்கம் பார்த்தாள். வேலிக்குப் பின் வேலியாக வெட்டுண்டு, லைன் ஒரே நேராகப் போயிற்று. இரண்டு பக்கமும் வெள்ளம். நடுவில் வெள்ளைக் கல்மேடு, அதில் தண்ணீர் ஏறவில்லை. தூரத்தில் கடல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அப்பா இதை ஒரு நாளும் காணவில்லை. அளவு நாடாவை வைத்து மனதால்தான் கண்டவர்.

மூன்று மணிக்குப் பாடை எழும்பியது. படலையால் கொண்டுபோகக் கூடாது என்று பின்வேலியை வெட்டி எடுத்தார்கள். அம்மா இராசேஸ்வரியை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். தம்பிஐயா வேலியில் வெட்டின இடைவெளி வரைக்கும் பெண்கள் வரலாம். அதற்கு அப்பால் ஆண்களின் வழி. பறை முன்னால் போனது. பாடையின் முன்காலில் தம்பிஐயா தோள் கொடுத்தார். ஆழ்வாப்பிள்ளை இருநூற்றியெண்பதாவது அடியைத் தாண்டி, வேலியில் முட்டாமல், அப்பால் போனார்.

துஷாந்தி அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, அம்மாவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

கடைசி ஆண் தாண்டின கையோடு, பின்னால் நின்ற கதிர்காமுவும் இன்னொருவரும் கதியாலை நிமிர்த்தத் தொடங்கினார்கள். துஷாந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு இடைவெளிக்குள் போய் நின்றாள்.

“என்ன செய்யிறியள்?”

“அடைக்கிறம் பிள்ளை.”

“இன்னும் சுடலைக்கே போய்ச் சேரேல்லை. திரும்பி வரவேண்டாமே அவை?”

“செத்தவீட்டுக்கு வெட்டின வேலியெல்லோ? பிரேதம் சுடலைக்குப் போக முதல் அடைச்சுப் போடவேணும். திறந்து கிடந்தா அடுத்த ஆளைக் கூப்பிடும்.” கதிர்காமு அவளைப் பார்க்காமல் பேசினார். “தம்பிஐயா அண்ணையும் சொல்லிப்போட்டுத்தான் போறார்.”

“ஒரு நாளைக்கு விடுங்கோ. ஒரே ஒரு நாள். நான் அவரோட கதைக்கிறன்.”

“நான் என்ன செய்யிறது பிள்ளை? முறை.”

“முறையை விடுங்கோ! நீங்கள் சொல்லுங்கோ கதிர்காமண்ணை, இப்ப கண்ணால பாத்தனீங்கள்தானே? இந்த வழி இருந்தா என்ன குடிமுழுகிப் போகும்?”

கதிர்காமு நிமிர்ந்து லைனைப் பார்த்தார். கையில் இருந்த கட்டுக்கம்பியைச் சுற்றினார், அவிழ்த்தார். ஒரு கணம் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அப்போது அம்மா வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“விடு பிள்ளை. அடைக்கட்டும்.”

“அம்மா, நீங்களுமா?”

“இன்னொரு சாவு என்னால தாங்கேலாது. விலத்து.”

புருஷனை அனுப்பிவிட்டு நிற்கிறவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? துஷாந்தி விலகினாள். கதியால் குழிக்குள் இறங்கியது. கம்பி இழுபட்டது. கோடாலிப் பிடங்கால் கதிர்காமு மூன்று அடி அடித்து இறுக்கினார். சற்று நேரத்தில் இரண்டாவது வேலியிலிருந்தும் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூன்றாவது. முன்னால் பறைச் சத்தம் கடலை நோக்கிப் போக, அதன் பின்னாலேயே வேலிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போயின. ஒன்பதாவதின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தூரம் அதிகம். ஆனால் அடைத்திருப்பார்கள்.

ஐந்தரை மணிக்கு ஆண்கள் வந்து சேர்ந்தார்கள், தரவையால். சாரத்தையும் வேட்டியையும் நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, அறுபது எழுபது பேர் அந்தப் பழுப்புத் தண்ணீருக்குள்ளால் வந்தார்கள். கதிர்காமுவின் மருமகன் மதகடியில் விழுந்து போனைத் தண்ணீரில் விட்டுவிட்டான். சசிகரன் காலில் முள் ஏறி நொண்டினான். கால் கழுவப் படலையில் வைத்த வாளித் தண்ணீரைப் பார்த்து ஒருவர் சிரித்தார். பிறகு செத்தவீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்.

பந்தலுக்குள் வந்து ஈரத்தோடு கதிரைகளில் இருந்தார்கள். அயல்வீட்டில் வைத்த தேத்தண்ணியைத் துஷாந்தி தட்டத்தில் கொண்டுவந்து ஒவ்வொருவருக்காக நீட்டினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பிஐயா கடைசி வரிசையில் இருந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முழங்கைக் கிழிசலில் இரத்தம் தண்ணீரோடு கலந்து மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

“நல்ல மாதிரி எரிஞ்சுது பிள்ளை. ஒரு குறையுமில்லை.”

அவள் தட்டத்தில் சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தாள்.

சசிகரன் பாதத்திலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டான்.

“அப்பா, நாளைக்குக் காடாத்து. விடிய எட்டு மணிக்கு ஐயரையும் கூட்டிக்கொண்டு போய் எலும்பு பொறுக்கவேணும். பால், இளநி, செம்பு எல்லாம் கொண்டு போகவேணும். என்னெண்டு போறது?”

பந்தலில் தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் நின்றது. ஒருவர் தரவைப் பக்கம் பார்த்தார். ஒருவர் வீட்டுக்குப் பின்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்தார். “செத்தவீட்டுக்கு ஒரு வேலியை ஒருக்காத்தான் வெட்டலாம், என்ன?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். தம்பிஐயா கோப்பையை மடியில் வைத்தார், எடுத்தார். மெல்லத் தலையை நிமிர்த்தி, வேறு ஒருவரையும் பார்க்காமல், துஷாந்தியைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை செய்வம்?”

ஒன்றரை வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அவர் இந்த வீட்டு ஆட்களிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“வந்த மாதிரியே போங்கோ, பெரியப்பா” என்றாள் துஷாந்தி.

வெறும் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். தம்பிஐயாவின் கதிரைக்குக் கீழே, அவருடைய வேட்டியிலிருந்து வடிந்த தரவைத் தண்ணீர் பந்தல் மணலில் ஒரு வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.